ஊரார் பிள்ளையும் தன் பிள்ளையும்: பெற்றோர் கூட்டுறவு முன்பள்ளி பற்றிய சில சிந்தனைகள்

கூட்டுறவு என்னும் சொல் எம்மவர் செவியில் விழுந்தவுடன் மனக்கண்முன் தோன்றுவது சங்கக்கடையே. கூப்பன் புத்தகமும் பையுமாக வரிசையில் நின்ற காலத்தை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். ஆயினும் அச்சொல்லின் வேர் எம் மண்ணில் அதனினும் ஆழமாக ஓடியுள்ளது. யாழ்ப்பாணத்து மூளாயிலே கூட்டுறவு முறையில் ஒரு வைத்தியசாலையே எழுந்தது. கடற்றொழிலாளர் தமக்கெனச் சங்கம் அமைத்தனர்; பனையை நம்பி வாழ்ந்தோரும் அவ்வாறே அமைத்தனர். பயன்பெறுவோரே உரிமையாளர், ஒருவருக்கு ஒரு வாக்கு, பொறுப்பும் பயனும் யாவர்க்கும் பொது என்பனவே கூட்டுறவின் சாரமாகும். இச்சாரத்தை மூன்று நான்கு வயதுப் பிள்ளைகளின் கல்விக்குப் பொருத்தினால் யாது விளையும்? இவ்வினாவை நான் நூல்களிலே சந்திக்கவில்லை. அந்நிய நாடொன்றில் என் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சென்ற இடத்திலே சந்தித்தேன்.

பெற்றோர் கூட்டுறவு முன்பள்ளி என்பது, பிள்ளைகளை அனுப்பும் குடும்பங்களே ஒன்றுகூடித் தொடங்கி, தாமே உரிமைகொண்டு நடத்தும் சிறுவர் நிலையமாகும். சில நாடுகளில் இந்நிலையங்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்திக்கொள்ளும். பெற்றோர் முறைவைத்து வந்து அவருக்குத் துணைநிற்பர். வேறு சில இடங்களில் ஆசிரியர் எனத் தனியே ஒருவரும் இல்லை. பெற்றோரே பயிற்சி பெற்று அப்பணியை ஆற்றுவர். ஐக்கிய அமெரிக்காவிலே, சிக்காகோப் பல்கலைக்கழக ஆசிரியர்களின் மனைவியர் சிலர் கூடி 1916ஆம் ஆண்டு தொடங்கிய சிறுவர் நிலையம் இவ்வகையில் முன்னோடியாகக் கொள்ளப்படுகிறது. பல்கலைக்கழகம் ஒன்றின் நிழலிலே பிறந்த முயற்சி பற்றிப் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தின் மலரில் எழுதுவது பொருத்தமேயாம்.

இம்முறை ஒரு நாட்டளாவிய இயக்கமாக வளர்ந்தது நியூசிலாந்திலேயே எனலாம். 1941ஆம் ஆண்டு, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், வெலிங்டன் நகரின் கரோரிப் பகுதியில் முதலாவது ‘பிளேசென்ரர்’, அதாவது விளையாட்டு நிலையம், தொடங்கப்பெற்றது. பியற்றிஸ் பீபி, ஜோன் வுட், இங்கே சிமிதெல்ஸ் ஆகிய பெண்மணிகள் இதில் முன்னின்றனர். ஆடவர் பலர் போர்முனைக்குச் சென்றிருந்தமையால் தாய்மார் சிறுபிள்ளைகளோடு வீட்டிலே தனித்திருந்தனர். அவர்களுக்குச் சிறிது ஓய்வும் தோழமையும் கிடைத்தல் வேண்டும், பிள்ளைகளுக்கு ஒத்த வயதினரோடு கூடிவாழும் வாய்ப்புக் கிட்டுதல் வேண்டும் என்ற இரு நோக்கங்களும் அன்று இணைந்தன. 1948இல் இந்நிலையங்களின் சம்மேளனம் உருவாகியபோது அதன் முதற் தலைவராகிய குவென் சொமர்செற் அம்மையார் முதியோர் கல்வியில் ஈடுபாடு கொண்டவர். பிள்ளைகளுக்கான நிலையம் பெற்றோரின் கல்விக்கூடமாகவும் அமைதல் வேண்டும் என்ற எண்ணம் இவ்வியக்கத்திலே தொடக்கம் முதலே ஊறியிருந்தது என்பதற்கு இஃது ஒரு சான்று.

பட்டப்பின் ஆய்வின் பொருட்டு 2008 முதல் 2011 வரை நான் குடும்பத்துடன் வெலிங்டனில் வாழ்ந்தேன். மனைவி ஓர் ஆய்வுகூடத்தில் வேலைக்குச் சென்றார். மகளுக்கு அப்போது இரண்டரை வயது. தனியார் சிறுவர் பராமரிப்பு நிலையங்களின் கட்டணம் என் புலமைப்பரிசிற் பணத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அயல்வீட்டுப் பெண்மணி தம் மகன் செல்லும் விளையாட்டு நிலையத்துக்கு எம்மை அழைத்துச் சென்றார். ஆய்வாளனுக்கு நேரம் தன் கையில் உண்டு என்ற பொதுவான நம்பிக்கையின் பேரில், முறைவைத்துச் செல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

சிறிய மரக்கட்டடம் ஒன்று. அதனைச் சூழ்ந்த வளவு. மணற்குழி, நீர்த்தொட்டி, வண்ணம் தீட்டும் பலகைகள், களிமண், கட்டைகள், புத்தகங்கள், பழைய உடைகளை அணிந்து தாயும் தந்தையுமாக விளையாடும் மூலை ஆகியன ஒவ்வொரு நாளும் ஒழுங்குசெய்து வைக்கப்படும். தச்சுமேசையில் விளையாட்டுப் பொருள்களுக்குப் பதிலாக உண்மையான சுத்தியலும் வாளும் ஆணியும் இருந்தமை என்னைத் திடுக்குற வைத்தது. கரும்பலகை இல்லை, வரிசையாக இட்ட கதிரைகள் இல்லை, ஆசிரியரும் இல்லை. அன்றிரவு தொலைபேசியில் இவற்றையெல்லாம் யாழ்ப்பாணத்தில் இருந்த என் தாயாருக்கு விவரித்தேன்.

“அப்ப ஆர் படிப்பிக்கிறது?” என்று கேட்டார்.

“தாய் தகப்பன்மார்தான் அம்மா.”

“தாய் தகப்பன்தான் படிப்பிக்கிறதெண்டால் பிள்ளையை வீட்டிலேயே வைச்சிருக்கலாமே!”

ஐந்தாம் வகுப்போடு பாடசாலையை விட்டவர் என் தாயார். ஆயினும் இப்பொருள் பற்றி எழுப்பத்தக்க வினாக்களுள் தலையாயதை அவர் ஒரே வாக்கியத்தில் எழுப்பிவிட்டார். அதற்கு விடை காண எனக்கு மூன்று ஆண்டுகள் சென்றன.

முதலில் அந்நிலையம் இயங்கிய முறையைக் கூறுதல் வேண்டும். ஒவ்வொரு குடும்பத்திலிருந்தும் ஒருவர் வாரத்தில் ஒரு காலைப்பொழுது முழுவதும் அங்கு நிற்றல் வேண்டும். ஐந்து பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற அளவு பேணப்பட்டது. பிள்ளைகள் சென்றபின் அன்று கடமையிலிருந்தோர் தூரிகைகளைக் கழுவி, நிலத்தைக் கூட்டித் துடைத்து, பின்னர் வட்டமாக அமர்ந்து, எந்தப் பிள்ளை எதில் ஈடுபட்டது, யாருடன் சேர்ந்தது, எங்கு இடர்ப்பட்டது எனப் பேசிக்கொள்வர். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி உண்டு. கண்டவற்றை அதிலே எழுதுவர். மாதம் ஒருமுறை இரவில் பொதுக்கூட்டம். அங்கு வாக்கெடுப்பு இல்லை. யாவரும் உடன்படும் வரை பேசியே முடிவு காணப்படும். தலைவர், செயலாளர், பொருளாளர், உபகரணப் பொறுப்பாளர் எல்லோரும் பெற்றோரே. சில சனிக்கிழமைகளில் சிரமதானம். வேலி திருத்துவதும் மணலை அரித்துச் சுத்தம் செய்வதும் அன்றைக்கு உரியன. இவற்றோடு, பெற்றோர் யாவரும் படிப்படியாகப் பயிற்சி வகுப்புகளுக்கும் செல்லுதல் வேண்டும். புள்ளிவிவரவியல் கற்றவன் என்பதற்காக என்னைப் பொருளாளர் ஆக்கினர். மாவும் உப்பும் எண்ணெயும் சாயமும் கலந்து பிள்ளைகளுக்கு விளையாட்டு மா குழைக்கவும் கற்றுக்கொண்டேன்.

பயிற்சி வகுப்பில் எமக்கு முதலிற் புகட்டப்பட்ட பாடம், கை நீட்டுமுன் கவனித்தல் என்பதாகும். கற்பித்தல் என்றால் சொல்லிக் கொடுத்தல் என்றும், கற்றல் என்றால் ஒப்புவித்தல் என்றும் கொண்ட மரபிலே வளர்ந்த எனக்கு இஃது எளிதாக வாய்க்கவில்லை. ஒருநாள் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் தச்சுமேசையில் ஆணி அறைந்துகொண்டிருந்தான். ஆணி வளைந்தது, வேறொன்றை எடுத்தான், அதுவும் வளைந்தது. சுத்தியலை வாங்கி அறைந்து கொடுக்க என் கை துடித்தது. வாளாவிருந்தேன். ஐந்தாவது ஆணியில், சுத்தியலின் பிடியைத் தலைக்கு அருகாகப் பற்றினால் அடி நேராக விழும் என்பதை அவன் தானே கண்டுகொண்டான். கடிகாரத்தைப் பார்த்தேன், அரைமணி நேரத்துக்கு மேல் சென்றிருந்தது. கண்டவாறே அவன் கொப்பியில் எழுதினேன். மறுவாரம் அவனுடைய தந்தை, பாரவண்டி ஓட்டுபவர், என்னைத் தேடி வந்தார். தம் மகன் எதிலும் ஐந்து நிமிடமேனும் நிலைத்திருக்க மாட்டான் என்றே தாம் அதுவரை எண்ணியிருந்ததாகக் கூறினார்; அப்பக்கத்தை இருமுறை வாசித்ததாகவும் கூறினார்.

அதே காலத்தில் என் மகள் அங்கு வாய் திறவாதிருந்தாள். வீட்டிலே ஓயாது தமிழில் பேசுபவள் நிலையத்தின் வாயிலைக் கடந்ததும் மௌனியாகிவிடுவாள். வாரங்கள் கழிந்தன. ஒருநாள் அவளுடைய கொப்பியில் வேறொரு பிள்ளையின் தாய் எழுதியிருந்த குறிப்பொன்றைக் கண்டேன். ‘இன்று இவள் கோப்பைகளில் மணலை நிரப்பி வரிசையாக அடுக்கினாள். ஒவ்வொரு கோப்பைக்கும் மெல்லிய குரலில் ஒரு சொல் கூறினாள். அச்சொற்கள் எனக்கு விளங்கவில்லை. ஆனால் கோப்பைகள் ஏழு, சொற்களும் ஏழு’ என்பது அக்குறிப்பின் பொருள். நான் அவளுடைய மௌனத்தை மட்டுமே கண்டிருந்தேன். தமிழில் ஓரெழுத்தும் அறியாத அப்பெண் அதனுள் இருந்த எண்ணிக்கையைக் கண்டார். அடுத்த வாரம் அவர் என்னிடம் அந்த எண்களைக் கேட்டு, தமக்கு விளங்கும் எழுத்தில் ஓர் அட்டையில் எழுதி, மணற்குழியருகே தொங்கவிட்டார். சில நாள்களில் பொன்னிற மயிர்ச் சிறுவர் இருவர் ‘ஒண்டு, ரெண்டு, மூண்டு’ என எண்ணக் கேட்டேன். என் மகள் அவர்களைத் திருத்தினாள். அதுவே அவள் அங்கு உரத்துப் பேசிய முதல் வார்த்தை.

இந்நிகழ்ச்சியை நான் பெரிதாக மதிப்பதற்குக் காரணம் உண்டு. அட்டையை எழுதித் தொங்கவிட அப்பெண் எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. கேட்க வேண்டிய நிலையிலும் இல்லை. அவர் அந்நிலையத்தின் உரிமையாளருள் ஒருவர். நானும் அவ்வாறே. ஆகவே எம் வீட்டு மொழி அங்கு விருந்தாளியாக வந்து நிற்கவில்லை, உறுப்புரிமையோடு நுழைந்தது. இவ்வுண்மையை எம்மினும் ஆழமாக உணர்ந்தோர் அந்நாட்டின் பூர்வகுடிகளாகிய மாவோரி மக்கள். தம் மொழி அடுத்த தலைமுறையோடு அற்றுப்போய்விடும் என்ற அச்சம் எழுந்தபோது, 1982இல் வெலிங்டனை அடுத்த வைனுயியோமாத்தாவில் முதலாவது ‘கோகங்கா ரெயோ’வை அவர்கள் தொடங்கினர். ‘மொழிக்கூடு’ என்பது அப்பெயரின் பொருள். மொழியறிந்த பாட்டன் பாட்டியரே அங்கு பிள்ளைகளோடு மாவோரியிற் பேசி வளர்த்தனர். நிலையத்தை நடத்தும் பொறுப்பும் குடும்பங்களின் கையிலேயே இருந்தது. பின்னர் 1996இல் அந்நாட்டு அரசு வெளியிட்ட முன்பிள்ளைப்பருவக் கலைத்திட்டம் பின்னிய பாயைக் குறிக்கும் மாவோரிச் சொல்லையே தன் பெயராகக் கொண்டது. அதன் நான்கு கோட்பாடுகளுள் குடும்பமும் சமூகமும் என்பது ஒன்று.

இனி, என் தாயாரின் வினாவுக்கு வருவோம். பெற்றோரே கற்பிப்பதாயின் வீட்டிலே கற்பித்தால் என்ன? வீட்டில் நாம் காண்பது எம் பிள்ளையை மட்டுமே; அதனையும் எம் ஆசையினூடாகவும் அச்சத்தினூடாகவுமே காண்கிறோம். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பர் எம் முன்னோர். இப்பழமொழியைப் புண்ணியம் பற்றிய வாக்காகவே பலரும் எடுத்தாள்வர். அந்நிலையத்தில் அஃது ஒரு செயல்முறையாக நின்றது. பாரவண்டிச் சாரதியின் மகனை நான் ஆசையின்றிக் கண்டேன். ஆதலால் தெளிவாகக் கண்டேன். என் மகளை வேறொரு தாய் அவ்வாறு கண்டார். கண்டதைக் கைமாற்றிக்கொண்டோம். கூட்டுறவு முன்பள்ளியில் குடும்பங்களின் பங்கேற்பு என்பதன் உட்பொருள் இக்கைமாற்றே என்பது என் துணிபு. தரை துடைப்பதும் கணக்கெழுதுவதும் இக்கைமாற்றுக்கு இடம் அமைக்கும் பணிகளேயாம்.

இம்முறைக்கு ஒரு விலை உண்டு. அதனை மறைத்துப் புகழ்தல் நேர்மையன்று. அவ்விலை பணத்தால் அன்றி நேரத்தால் செலுத்தப்படுவது. அந்நேரமும் பெரும்பாலும் பெண்களுடையது. எம் நிலையத்தில் முறைக்கு வந்த ஆடவர் மூவரே. தாய்மார் வேலைக்குச் செல்லத் தொடங்கியதும், முழுநாட் பராமரிப்பு நிலையங்கள் பெருகியதும் விளையாட்டு நிலையங்களுக்கு வரும் குடும்பங்களைக் குறைத்தன. 2002இல் அரசு வகுத்த பத்தாண்டுத் திட்டம் தகைமை பெற்ற ஆசிரியரை முதன்மைப்படுத்தியது. 2007இல் அறிமுகமான இருபது மணிநேர இலவசக் கல்வித் திட்டத்தில் பெற்றோர் நடத்தும் நிலையங்கள் முதலில் இடம்பெறவில்லை, பின்னரே சேர்க்கப்பட்டன. பெற்றோரின் உழைப்பைக் கல்விப்பணியாக மதிப்பதா, ஆசிரியரில்லாக் குறையை நிரப்பும் ஒட்டாக மதிப்பதா என்ற வழக்கு இவற்றின் பின்னணியில் இருந்தது.

அவ்வழக்கு எம் நிலையத்தின் கூட்டத்துக்கும் வந்தது. இரவில் அலுவலகங்களைத் துப்புரவு செய்யும் தாய் ஒருவர், காலையில் முறைக்கு வந்து நிற்கத் தம் உடல் இடந்தராது என்றும், அதற்கு ஈடாகச் சிறுதொகை செலுத்த அனுமதிக்க வேண்டும் என்றும் கேட்டார். பணம் வாங்கினால் நாளை வசதியுள்ளோர் யாவரும் பணத்தை வைத்துவிட்டுப் போவர், பின்னர் பிள்ளைகளோடு நிற்பவர் எவர் எனச் சிலர் வினவினர். வேறிடத்துக்கு அனுப்ப வசதியற்ற இவருக்கே இந்நிலையம் அதிகம் தேவை, இவரை இழந்தால் எம் கூட்டுறவு யாருக்கானது எனச் சிலர் வாதிட்டனர். இரு கூற்றும் எனக்கு நியாயமாகவே பட்டன. வாக்கெடுப்பு நடந்திருந்தால் பத்து நிமிடத்தில் அவர் தோற்றிருப்பார். வாக்கெடுப்பு இல்லாமையால் இரவு பத்துமணி வரை பேச வேண்டியதாயிற்று. ஈற்றில், அவருடைய தந்தையார் முறைக்கு வருவது என்றும், மேலங்கிகளையும் துவாய்களையும் அவர் ஞாயிறுதோறும் வீட்டிலே துவைத்துத் தருவது என்றும் முடிவாயிற்று. அந்த முதியவர் வந்தபின் தச்சுமேசை புதுப்பொலிவு பெற்றது. ஆனால் அதே ஆண்டில், இவ்வாறு உதவ உறவினர் இல்லாத இன்னொரு குடும்பம் எதுவும் கூறாமலே விலகிச் சென்றது. அதனையும் சொல்லியே ஆக வேண்டும்.

நாடு திரும்பியபின் எம் ஊர்களின் முன்பள்ளிகளை நான் புதிய கண்ணோடு நோக்கலானேன். அவற்றுட் பல அரசினால் உருவானவையல்ல. சனசமூக நிலையத்தின் வாசிகசாலையை ஒட்டிய கொட்டிலிலும், மாதர் சங்கத்தின் மண்டபத்திலும், கோயில் வீதியிலும் ஊரவர் கூடித் தொடங்கியவை அவை. சர்வோதய இயக்கத்தின் முன்பள்ளிகளிலே பிள்ளைகள் வீட்டிலிருந்து ஒரு தீப்பெட்டி அளவு அரிசியோ பருப்போ கொண்டுவர, அவற்றைச் சேர்த்துப் பொதுவுணவு சமைக்கும் வழக்கம் இருந்தது. எவ்வளவு வறிய குடும்பமும் தலைநிமிர்ந்து பங்குகொள்ளத்தக்க அளவு அது. ஆகவே கூட்டுறவு முன்பள்ளி எமக்கு இறக்குமதிப் பண்டமன்று.

எனினும் இன்று எம் பெற்றோரின் பங்கேற்பு எத்தகையது? மாதப் பணம் செலுத்துகின்றனர், சிரமதானத்துக்கு வருகின்றனர், விளையாட்டு விழாவில் கயிறிழுக்கின்றனர், நவராத்திரிக்குக் கடலையும் அவலும் கொடுக்கின்றனர். பிள்ளை கற்கும் வேளையிலோ அவர்கள் படலைக்கு வெளியே நிற்கின்றனர். வெளியே நிற்பவருக்குக் கற்றலின் சான்றாகக் கண்ணிற்படுவது கொப்பி மட்டுமே. ஆதலாற்றான், ‘இன்னும் எழுத்துப் படிப்பிக்கேல்லையோ?’ என்ற கேள்வி ஆசிரியையைத் துரத்துகிறது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிற் பரீட்சையின் நிழல் மூன்று வயதுப் பிள்ளையின் மீதும் விழுகிறது. மணலில் ஏழு கோப்பை அடுக்கிய பிள்ளை எண்ணக் கற்றுவிட்டது என்பதை அருகிலிருந்து கண்டவரே நம்புவர்.

ஆசிரியரை நீக்கிவிடுக என்று நான் கூறவில்லை. பயிற்சி பெற்ற ஆசிரியை எம் முன்பள்ளிகளுக்கு இன்றியமையாதவர்; அவர் பெறும் சொற்பக் கொடுப்பனவு உயர்தல் வேண்டும். பெற்றோர் வருகிறார்கள் என்பதைக் காட்டி அவர் கொடுப்பனவைக் குறைக்க எவரேனும் முனைவராயின் அம்முயற்சி எதிர்க்கப்படல் வேண்டும். நான் வேண்டுவது சிறிது. குடும்பத்துக்கு மாதம் ஒரு காலைப்பொழுது. தாயோ தந்தையோ பேரனோ பேர்த்தியோ எவரேனும் ஒருவர். பிள்ளைகள் சென்றபின் ஆசிரியையோடு அரைமணி நேரப் பேச்சு. பிள்ளைக்கொரு கொப்பியில், தன் பிள்ளையல்லாத ஒரு பிள்ளையைப் பற்றி நான்கு வரி. எழுதத் தெரியாதவர் சொல்ல, மற்றவர் எழுதலாம்.

இதனை யாவர்க்கும் ஒரே சட்டமாக்குதலும் தகாது. கொழுந்து பறிக்கும் தாய்க்குக் காலைப்பொழுது சொந்தமானதன்று. தோட்டத்துப் பிள்ளைமடுவங்களுக்குப் புதிய பெயர்கள் வந்துள்ள போதிலும், அந்தத் தாயின் வேலைநேரம் அவளுடைய கையில் இல்லை. நாட்கூலிக்குச் செல்லும் தந்தைக்கு ஒரு காலை என்பது ஒருநாள் உணவு. இத்தகையோரின் பங்கு எது என்பதை அவர்களும் அமர்ந்திருக்கும் கூட்டத்திலே, அவர்களுக்கு இயைந்த நேரத்திலே, பேசித் தீர்மானித்தல் வேண்டும். அரிசியைத் தீப்பெட்டியால் அளந்த சமூகத்துக்கு நேரத்தையும் அவ்வாறு அளக்கத் தெரியாமற் போகாது.

இம்மலரை வாசிக்கும் மாணவர் பலர் பட்டம் பெற்று ஊர் திரும்பியதும் சனசமூக நிலையத்தின் செயலாளராகவோ பொருளாளராகவோ தெரிவு செய்யப்படுவர். எம் ஊர்களில் அதுவே வழமை. முன்பள்ளியின் கணக்குக் கொப்பியும் அப்போது உங்கள் கைக்கு வரும். மாதப் பணம் தராத குடும்பங்களின் பெயர்கள் அதில் இருக்கும். அப்பட்டியலை அறிவித்தற் பலகையில் ஒட்டுமுன், அக்குடும்பங்களை ஒருநாட் காலை உள்ளே அழைத்து அமர்த்துங்கள். பிள்ளைகள் விளையாடுவதை அவர்கள் பார்க்கட்டும். பணத்தைப் பற்றிப் பின்னர் பேசலாம்.